பன்னிரண்டு இலக்கமும் ஒரு மந்தின் பெயரும்

வெளியூரிலிருந்து சொந்த வண்டியிலோ வாடகை வண்டியிலோ நீலகிரி ஏறுபவர்கள் 2024 மே 7 முதல் இ-பாஸ் எடுத்தாக வேண்டும். மலை தாங்கும் அளவுக்கு மேல் வண்டிகள் குவிவதைப் பார்த்து சென்னை உயர் நீதிமன்றம் இட்ட உத்தரவு இது. பெயர், கைபேசி எண், வண்டி எண், எத்தனை பேர், எந்த நாள் வருகிறார்கள், எங்கே தங்குகிறார்கள் என்று இணையப் படிவம் கேட்கும். மறு ஆண்டுக் கோடைக்கு, ஊட்டியில் வார நாள்களில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று நீதிமன்றம் வரம்பும் வைத்தது. அந்த வரம்பு நாள்தோறும் நிரம்பினால் ஏப்ரல் முதல் ஜூன் வரை மட்டும் ஏறத்தாழ ஆறு லட்சம் பதிவுகள் சேரும். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் சாதாரணப் பதிவு. மொத்தமாகப் பார்த்தால், யார் எந்த வாரம் ஊரில் இருக்கமாட்டார்கள் என்று சொல்லும் பட்டியல்.

மலையில் இப்படிப் பட்டியல்கள் ஏராளம். தங்கும் விடுதிகள் அடையாள அட்டையின் நகல் வாங்கி வைக்கின்றன. எஸ்டேட் அலுவலகத்தில் செக்ரோல் எனும் வருகைப் பதிவேடு, வருங்கால வைப்பு நிதிக் கணக்கு, பணிக்கொடைப் பட்டியல், லைன் வீடு எனும் தொழிலாளர் குடியிருப்பின் ஒதுக்கீடு எல்லாம் இருக்கும். சிறு விவசாயிகளிடம் பச்சைத் தேயிலை வாங்கும் தொழிற்சாலையில் அவர்களுடைய வங்கிக் கணக்கும் நிலத்தின் விவரமும் இருக்கும். மருத்துவமனையில் என்ன இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. இவற்றில் எந்தக் கோப்பு வெளியில் போனால் யாருக்குக் கேடு என்று கேட்டால், பெரும்பாலான நிறுவனங்களால் பதில் சொல்ல முடியாது. ஆயிரக்கணக்கான எக்செல் தாள்களையும் மின்னஞ்சல் இணைப்புகளையும் ஒருவர் உட்கார்ந்து படித்துத் தரம் பிரிப்பது நடக்கிற காரியமில்லை. அந்த வேலையை இன்று மென்பொருளிடம் விடுகிறார்கள். மென்பொருள் முதலில் நம்புவது வடிவப் பொருத்தத்தை.

அதன் கருத்து பழையது. ஸ்டீபன் க்ளீனி என்ற அமெரிக்கக் கணிதவியலாளர், நரம்பணு வலைகள் எந்தெந்த நிகழ்வு வரிசைகளை அடையாளம் காணும் என்று 1951-இல் ஆராய்ந்தபோது பிறந்த குறியீட்டு முறை அது. கென் தாம்சன் 1968-இல் அதை எழுத்துகளைத் தேடும் நிரலாக மாற்றினார். ரெகுலர் எக்ஸ்பிரஷன், சுருக்கமாக ரெஜெக்ஸ் என்று நிரலாளர்கள் சொல்வது இதைத்தான். 'இரண்டு எழுத்து, இரண்டு இலக்கம், ஒன்று முதல் மூன்று எழுத்து, நான்கு இலக்கம்' என்று ஒரு வடிவத்தைச் சொல்லிவிட்டால், எத்தனை லட்சம் பக்கமானாலும் வண்டி எண் போலிருக்கும் எல்லாவற்றையும் அது பொறுக்கித் தந்துவிடும். டிஎன் 43 என்று தொடங்கும் ஊட்டி வண்டியும் அதில் வரும், கேஎல் என்று தொடங்கும் கேரள வண்டியும் வரும். 2021-இல் வந்த பாரத் வரிசை எண் மட்டும் வராது. அதில் ஆண்டைக் குறிக்கும் இரண்டு இலக்கம் முன்னால் நிற்கும், எழுத்துகள் பின்னால் வரும். 2021-க்கு முன் எழுதிய வடிவத்தை இன்றும் வைத்திருப்பவரின் கருவி அந்த வண்டிகளைக் கவனிக்காமல் விட்டுவிடும். கைபேசி எண்ணிலும் இதே நிலைதான். ஒரு காலத்தில் 9-இல் மட்டும் தொடங்கியவை பிறகு 8, 7, 6 என்று விரிந்தன. வடிவத்தை ஒருமுறை எழுதிவிட்டு மறந்துவிட முடியாது.

ஆதார் எண்ணுக்கு வருவோம். 12 இலக்கம். முதல் இலக்கம் 0 ஆகவோ 1 ஆகவோ இருக்காது. கடைசி இலக்கம், முன்னால் உள்ள பதினொன்றையும் வைத்துக் கணக்கிட்டுப் போடப்படும் சரிபார்ப்பு இலக்கம். அந்தக் கணக்கை 1969-இல் வகுத்தவர் யாக்கோபஸ் வெர்ஹோஃப் என்ற டச்சுக் கணிதவியலாளர். எண்களை எழுதும்போது மனிதர்கள் எப்படியெல்லாம் தவறுகிறார்கள் என்று தன் நாட்டு அஞ்சல் துறையின் தரவை வைத்து அவர் பார்த்தார். ஏறத்தாழ 79 சதவீதம் ஒரே ஓர் இலக்கம் மாறிப்போன தவறுகள், 10 சதவீதம் பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறிய தவறுகள். இவ்விரண்டு வகையையும் ஒன்றுவிடாமல் பிடிக்கும் கணக்கை, ஐங்கோணத்தின் சுழற்சிகளையும் பிரதிபலிப்புகளையும் கொண்டு அவர் அமைத்தார். மனிதப் பிழையைப் பிடிக்க வந்த அந்த இலக்கம்தான், இன்று ஒரு கோப்பில் கிடக்கும் எண் ஆதாரா இல்லையா என்று கருவி முடிவுசெய்ய உதவுகிறது. ஏதோ ஒரு 12 இலக்க எண்ணைக் கண்ணை மூடிக்கொண்டு எழுதினால், அது முதல் இலக்க விதியைத் தாண்ட பத்தில் எட்டு வாய்ப்பு, சரிபார்ப்பைத் தாண்ட பத்தில் ஒரு வாய்ப்பு. இரண்டையும் தாண்டுபவை நூற்றுக்கு எட்டு.

எட்டு என்பது சிறிய எண்ணாகத் தோன்றலாம். எஸ்டேட் கணினிக்குள் அது சிறியதில்லை. அங்கே தொழிலாளி ஒவ்வொருவருக்கும் வைப்பு நிதியின் யுஏஎன் எண் உண்டு, அதுவும் 12 இலக்கம். நல்லவேளையாக அது வழக்கமாக 10 என்று தொடங்குவதால் முதல் விதியிலேயே விலகிப்போகும். தமிழ்நாட்டுக் குடும்ப அட்டை எண் அப்படி விலகாது. அதுவும் 12 இலக்கம், தொடங்குவதோ 3-இல். லைன் வீட்டுப் பட்டியலில் 10,000 குடும்ப அட்டை எண்கள் இருந்தால், ஏறத்தாழ ஆயிரத்தைக் கருவி ஆதார் என்று கொடி காட்டும். அலுவலர் முதல் நாள் நூறு எச்சரிக்கையைப் பார்ப்பார், இரண்டாம் நாள் பத்தைப் பார்ப்பார், மூன்றாம் நாள் பெட்டியையே திறக்கமாட்டார். பொய்யாகப் பிடிப்பதால் வரும் பெரிய நட்டம் இதுதான். உண்மையான எச்சரிக்கையும் அந்தக் குவியலில் புதைந்துபோகும்.

இதற்குக் கண்ட வழி, அக்கம்பக்கத்தைப் பார்ப்பது. எண்ணுக்கு அருகில் ஆதார், அடையாள எண் போன்ற சொல் இருந்தால் நம்பிக்கை கூடும். மைக்ரோசாஃப்ட் பர்வியூ கருவி வழக்கமாக 300 எழுத்துத் தூரம்வரை இப்படித் துணைச்சொல் தேடுகிறது, 65, 75, 85 என்று மூன்று நம்பிக்கை நிலைகளைத் தருகிறது. பிரெசிடியோ என்ற திறந்த மூலக் கருவியில் ஆதார், பான், வாக்காளர் அட்டை, இந்திய வண்டி எண் ஆகியவற்றுக்கான வடிவங்கள் இப்போதே உள்ளன.

பான் எண்ணில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஐந்து எழுத்து, நான்கு இலக்கம், ஓர் எழுத்து என்பது அதன் அமைப்பு. நான்காவது எழுத்து, அட்டை யாருடையது என்பதைச் சொல்லும்: தனிமனிதர் என்றால் பி, கம்பெனி என்றால் சி, கூட்டு வணிகம் என்றால் எஃப். கொழுந்து கொடுக்கும் விவசாயியின் பான் காக்கப்பட வேண்டிய தனிப்பட்ட தகவல். லாரி அனுப்பும் கம்பெனியின் பான் அப்படிப்பட்டதில்லை. ஒரே ஓர் எழுத்தைப் பார்த்து இரண்டையும் பிரிக்கலாம். ஆனால் 15 எழுத்துள்ள ஜிஎஸ்டி எண்ணின் மூன்றாவது இடத்திலிருந்து பன்னிரண்டாவது இடம் வரை இருப்பதும் பான் எண்தான். தனி ஆளாகக் கடை நடத்துபவரின் பான், அவர் கொடுக்கும் ஒவ்வொரு ரசீதிலும் இப்படி வெளிப்படையாகவே போகிறது. எல்லை வகுக்காத வடிவம் ரசீது ஒவ்வொன்றையும் அந்தரங்கக் கோப்பு என்று முத்திரை குத்தும்.

கருவி சுலபமாகப் பிடித்திருக்கக்கூடியது பிடிபடாமல் போனதற்கு நாடறிந்த எடுத்துக்காட்டு 2017-இல் வந்தது. பெங்களூரைச் சேர்ந்த இணையம் மற்றும் சமூகத்துக்கான மையம் அந்த மே மாதம் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. தேசிய ஊரக வேலை உறுதித் திட்டம், தேசிய சமூக உதவித் திட்டம் ஆகியவற்றின் தளங்களோடு ஆந்திரப் பிரதேசத்தின் இரண்டு தளங்களையும் ஆராய்ந்து, 13 முதல் 13.5 கோடி ஆதார் எண்களும் ஏறத்தாழ 10 கோடி வங்கிக் கணக்கு எண்களும் யாரும் பார்க்கும்படி கிடந்திருக்கலாம் என்று அது மதிப்பிட்டது. யாரும் பூட்டை உடைக்கவில்லை. யாருக்கு எவ்வளவு போனது என்று மக்களுக்குக் காட்டும் நல்ல நோக்கத்தில் பட்டியலைப் போட்டவர்கள், அதில் அந்த எண்கள் இருக்க வேண்டுமா என்று பார்க்கவில்லை. ஆதார் எண்ணைப் பொதுவில் வெளியிடக் கூடாது என்று 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 29-ஆம் பிரிவு அப்போதே சொல்லியிருந்தது. தளத்தில் ஏற்றுமுன் ஒரு வடிவச் சோதனை ஓடியிருந்தால், முதல் எட்டு இலக்கங்களை மறைத்துக் கடைசி நான்கை மட்டும் காட்டியிருக்கலாம். வடிவப் பொருத்தம் ஒழுங்காக வேலைசெய்யும் இடம் இது: எண்ணுக்குக் கட்டுக்கோப்பான அமைப்பு இருக்கிறது, கோப்பு எழுத்தாக இருக்கிறது, விதி தெளிவாக இருக்கிறது.

நடைமுறைக் கோப்புகள் அவ்வளவு ஒழுங்காக இருப்பதில்லை. எக்செல் கட்டத்தில் 12 இலக்க எண்ணை வெறும் எண்ணாக அடித்தால், 2.34567E+11 என்பது போல அது சுருக்கிக் காட்டும். அப்படியே சிஎஸ்வி கோப்பாகச் சேமித்தால் மிச்ச இலக்கங்கள் அழிந்துபோகும். அந்தக் கோப்பில் தேட வேண்டிய வடிவமே இல்லை. விடுதி வரவேற்பறையில் கைபேசியால் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஆதார் அட்டைப் படம் இன்னொரு வகை. படத்திலிருந்து எழுத்தைப் படித்துத் தரும் மென்பொருள் நடுவில் இல்லாவிட்டால் கருவிக்கு அது வெறும் படம்தான்.

தமிழ்க் கோப்பு என்றால் சிக்கல் இன்னும் கூடுகிறது. பைத்தான் மொழியோடு வரும் ரெஜெக்ஸ் நூலகம், சொல்லில் இடம்பெறும் எழுத்து எது என்று முடிவுசெய்யும்போது உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் எழுத்தாகக் கொள்வதில்லை. சொற்களைப் பிரி என்று வழக்கமான கட்டளை கொடுத்தால், கோத்தகிரி என்ற ஊர்ப்பெயர் க, த, தக, ர என்று நான்கு துண்டாக உடையும். ஒகரக் குறியை ஒரே குறியாகவும் பதியலாம், ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டு குறியாகவும் பதியலாம். கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிந்தாலும் கருவிக்கு இரண்டும் வெவ்வேறு. முன்கூட்டியே ஒரே முறைக்கு மாற்றிக்கொள்ளாவிட்டால் தேடல் பாதியில் நிற்கும். தமிழக அரசு 2010-இல் யூனிகோடை ஏற்றுக்கொண்டது. அதற்கு முன்னும் பின்னும் பழைய எழுத்துருக்களில் அடித்த கோப்புகள் இன்னும் அலமாரி அலமாரியாக இருக்கின்றன. பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்று அடித்த கோப்பைத் திறந்து உள்ளே பார்த்தால், ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான் இருக்கும். எண்கள் எண்களாகவே நிற்கும், பக்கத்தில் உள்ள துணைச்சொல் மட்டும் கருவிக்குப் புரியாது.

யூனிகோடில் இருந்தாலும் துணைச்சொல் வேற்றுமை உருபு ஏற்றதும் உரு மாறுகிறது. 'ஆதார்' என்று புள்ளியோடு தேடினால் ஆதாரை, ஆதாருடன், ஆதாரில் எல்லாம் தப்பிவிடும். புள்ளியை எடுத்துவிட்டுத் தேடினால் ஆதாரமும் நீர் ஆதாரமும் சேர்ந்து வரும். மலை மாவட்டத்தில் நீர் ஆதாரம் பற்றிய கோப்புக்குக் குறைவே இல்லை. ஆங்கிலத்துக்கு எழுதிய கருவியைத் தமிழ் அலுவலகத்தில் அப்படியே பொருத்துவது வேலைக்காகாது என்பதற்கு இந்த ஒரு சொல் போதும்.

இதுவரை சொன்ன குறைகள் எல்லாம் உழைத்தால் சரிசெய்யக்கூடியவை. நீலகிரியில் இவற்றைவிட ஆழமான ஒன்று இருக்கிறது.

இந்தியாவில் அரிவாள் அணுச் சோகை என்ற பரம்பரை ரத்த நோயின் மரபணுக் கூறு முதன்முதலில் பதிவானது இந்த மலையில்தான். நீலகிரிப் பழங்குடிகளின் ரத்தத்தை ஆராய்ந்து லேமன், கட்புஷ் என்ற இருவர் 1952-இல் அதை அறிவித்தார்கள். தாய், தந்தை இருவரிடமிருந்தும் அந்த மரபணு வந்தால் நோய். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் பிள்ளை அதைக் கொண்டிருப்பவர். பெரும்பாலும் நலமாகவே இருப்பார். கூடலூரில் அஸ்வினி என்ற தொண்டு அமைப்பின் ஆதிவாசி மருத்துவமனையும் கோத்தகிரியில் நாவா அமைப்பும் நெடுங்காலமாக இந்த நோயாளிகளைக் கவனித்து வருகின்றன. 2023 ஜூலை 1-ஆம் தேதி ஒன்றிய அரசு தொடங்கிய அரிவாள் அணுச் சோகை ஒழிப்பு இயக்கம், நாடு முழுதும் 7 கோடிப் பேரைப் பரிசோதிக்க இலக்கு வைத்தது. நோயாளியை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்க்கப் பட்டியல் வேண்டும். பெயர், ஊர், வயது, பரிசோதனை முடிவு என்ற நான்கு கட்டங்கள் போதும்.

அந்த நான்கில் 12 இலக்க எண் இல்லை. பான் இல்லை, கணக்கு எண் இல்லை. வடிவத்தை மட்டும் நம்பும் கருவி இத்தகைய கோப்பைச் சாதாரணக் கோப்பு என்று வகைப்படுத்திவிட்டு, பக்கத்தில் கிடக்கும் ஜிஎஸ்டி ரசீதுக்குச் சிவப்புக் கொடி காட்டும். அந்தப் பட்டியல் கசிந்தால் ஒரு பெண்ணின் திருமணப் பேச்சு நின்றுபோகலாம், ஒரு குடும்பத்தைப் பற்றி ஊரே பேசலாம். ஆதார் எண் கசிந்தால் பூட்டிவைக்க ஏற்பாடு இருக்கிறது. பரம்பரைக் கூறு கசிந்தால் அதைத் திரும்பப் பெற வழியே கிடையாது.

முடிவைக் குறிக்கும் சுருக்கெழுத்தைத் தேடலாமே என்று தோன்றும். அந்தக் கூறு உள்ளவர்களுக்கு ஆய்வகம் எழுதுவது ஏஎஸ் என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள். அசாம் வண்டி எண்ணின் தொடக்கமும் அதுதான், ஆங்கிலத்தில் வரிக்கு வரி வரும் சிறு சொல்லும் அதுதான். இரண்டெழுத்தை மட்டும் தேடினால் கோப்பறை முழுவதும் பிடிபடும்.

ஊர்ப்பெயரும் இங்கே வெறும் முகவரியாக நிற்பதில்லை. தோடர் குடியிருப்பு மந்து, படுகர் ஊர் ஹட்டி. கோத்தர்களுக்கு வழிவழியாக இருப்பவை ஏழே ஊர்கள். முகவரியில் மந்து என்று இருந்தால் இனம் என்ன என்று தனியாகக் கேட்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் அரசு தனிக்கவனம் செலுத்தும் பழங்குடிகள் என்று வகுத்துள்ள ஆறும், அதாவது தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர், இந்த மாவட்டத்தில் வாழ்கிறார்கள். 2011 கணக்கெடுப்பில் தோடர்கள் ஏறத்தாழ இரண்டாயிரம் பேர். அஞ்சல் குறியீடு, பிறந்த தேதி, பால் இவை மூன்றை வைத்தே அமெரிக்க மக்களில் 87 சதவீதத்தினரைத் தனித்து அடையாளம் காணலாம் என்று லத்தான்யா ஸ்வீனி 2000-இல் காட்டினார். சில வீடுகளே உள்ள மந்தில் பிறந்த தேதிகூட வேண்டாம், வயதும் பாலும் போதும். பெயர் நீக்கிய பட்டியல் பாதுகாப்பானது என்று நினைப்பது இந்த மலையில் பெரும் தவறு.

எனவே இங்கே கருவிக்குத் தேவைப்படுவது ஊர்க்காரர் அறிவு. மந்துகள், ஹட்டிகள், பழங்குடிக் குடியிருப்புகள் ஆகியவற்றின் பெயர்ப் பட்டியல் ஒன்று, நோய், மருந்து, பரிசோதனைச் சொற்களின் பட்டியல் இன்னொன்று. இரண்டும் ஒரே தாளில் சேர்ந்து வந்தால் மட்டுமே உச்ச எச்சரிக்கை. அதிலும் கவனம் வேண்டும். பழைய ஆங்கில ஆவணங்களில் ஊட்டியின் பெயரான 'ஊட்டகமண்ட்' என்பதே மந்தைக் குறிக்கும் 'மண்ட்' என்றுதான் முடியும். மந்துக்கான ஆங்கில எழுத்துகளைச் சொல் எல்லை வகுக்காமல் தேடினால், ஊட்டி முகவரி அச்சிட்ட பழைய கடிதத் தாள் அத்தனையும் தோடர் ஆவணமாகிவிடும். தேயிலைத் தொழிற்சாலையில் சல்லடை பிரித்த தூளைத் தரம் பார்ப்பவர் கையிலெடுத்துப் பார்ப்பதுபோல, கருவி பிரித்ததையும் ஆள் பார்த்தாக வேண்டும். அது பிடித்தவற்றில் சிலவற்றைப் பார்த்தால் மட்டும் போதாது. ஒன்றுமில்லை என்று அது ஒதுக்கியவற்றிலும் கண்ணை மூடிச் சிலவற்றை எடுத்துப் பார்க்க வேண்டும், தப்பவிட்டது எவ்வளவு என்று வேறெப்படியும் தெரியாது.

எஸ்டேட்டுக்கு இன்னொரு வழியும் உண்டு. தன் தொழிலாளிகளின் எண்கள் அதனிடமே இருப்பதால், ஏதோ ஒரு 12 இலக்கத்தைத் தேடுவதைவிட, தன் பட்டியலில் உள்ள அதே எண் வேறு கோப்பில் கிடக்கிறதா என்று பார்க்கலாம். பொய்யாகப் பிடிப்பது ஏறத்தாழ இல்லாமலே போகும். பட்டியலைக் கருவியிடம் அப்படியே கொடுக்கக் கூடாது என்பதால் எண்களைக் குழப்பிய குறியீடாக மாற்றிக் கொடுப்பார்கள். ஆனால் விதிப்படி அமையக்கூடிய ஆதார் எண்கள் மொத்தம் 8,000 கோடிதான். இன்றைய கணினி அவ்வளவையும் போட்டுப் பார்த்துக் குறியீட்டை அவிழ்த்துவிடும். ரகசியச் சாவி சேர்த்துக் குழப்பினால்தான் பயன்.

சட்டம் இந்த விஷயத்தில் திசை மாறியிருக்கிறது. 2011-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்ப விதிகள், கடவுச்சொல், நிதி விவரம், உடல்நிலை, மருத்துவ ஆவணம், உயிரியளவு என்று அந்தரங்கத் தரவுக்குத் தனிப் பட்டியலே தந்தன. 2023-ஆம் ஆண்டு எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படித் தனி வகை கிடையாது. ஒருவரை அடையாளம் காட்டக்கூடிய எதுவும் தனிநபர் தரவே. போதிய பாதுகாப்பு செய்யத் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய்வரை போகலாம். விதிகள் 2025 நவம்பரில் வந்தன. முக்கியக் கடமைகள் 18 மாதம் கழித்து, 2027 மே மாதத்தில் நடைமுறைக்கு வரவேண்டும். சட்டம் வகை பிரித்துக் கொடுக்காததால், எது கசிந்தால் யாருக்கு எவ்வளவு கேடு என்று எடைபோடும் பொறுப்பு நிறுவனத்தின் தலையில் வந்து விழுகிறது.

ஒவ்வோர் எஸ்டேட்டும் ஒவ்வொரு சிறு மருத்துவமனையும் இந்தப் பட்டியல்களைத் தனித்தனியே உருவாக்குவது வீண் செலவு. 1893-இல் தோன்றி இன்று குன்னூரில் தலைமையகம் கொண்ட உபாசி தோட்ட அதிபர்களின் சங்கம். அதே குன்னூரில் 1965 முதல் இயங்கும் இன்ட்கோசர்வ், சுமார் 30,000 சிறு விவசாயிகளின் கூட்டுறவுத் தொழிற்சாலைகளை ஒன்றிணைக்கிறது. தமிழ்த் துணைச்சொற்கள், குடும்ப அட்டைக்கும் யுஏஎன் எண்ணுக்குமான விலக்குகள், பழைய எழுத்துரு மாற்றி ஆகிய மூன்றையும் இவை சேர்ந்து ஒருமுறை செய்து எல்லாருக்கும் கொடுக்கலாம். குடியிருப்புப் பெயர்ப் பட்டியலை மட்டும் அப்படிப் பொதுவில் வைக்கக் கூடாது. எந்த ஊர் எந்த இனம் என்று ஒரே தாளில் சொல்லும் ஆவணம் அது. அந்தந்தச் சமூகத்தின் சங்கங்களைக் கேட்டு, அவர்கள் சம்மதிக்கும் அளவுக்குத் தொகுத்து, மருத்துவமனைகளும் பழங்குடியினர் நலத்துறையும் மட்டும் பயன்படுத்தும்படி பூட்டி வைக்க வேண்டும். கருவி தரும் அறிக்கைக்கும் அதே பூட்டு தேவை: எந்தக் கோப்பில், எந்த வரியில், யாருடைய என்ன தகவல் இருக்கிறது என்று முகவரியோடு சொல்லும் தாள் அது.